நண்பகலில் சேறு, மாலையில் கடல்

பேருந்தில் ஏறி, "கேரூவுக்கு இரண்டு பேர்" என்று கேட்டபோது ஓட்டுநர் புருவத்தைச் சுருக்கினார். பின்னால் நின்ற மகள் என் தோளுக்கு மேலாக எட்டி, "கேரி" என்று திருத்திச் சொன்ன பிறகுதான் சீட்டு வந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தால் கேரூ என்றுதான் வரும். ஆனால் அந்த வட்டாரத்தார் வாயில் அது கேரி. பிரிட்டனின் மேற்கிலுள்ள வேல்ஸ் நாட்டின் வெல்ஷ் மொழியில் கைரியூ என்கிறார்கள். அதன் முதற்பாதியாகிய 'கைர்' என்பதற்குக் கோட்டை என்று பொருள். ஆகவே நான் கேரூ கோட்டை என்று எழுதும்போதெல்லாம், நம் ஊரில் 'கேட்டுவாசல்' என்பதைப் போல, ஒன்றையே இருமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மகள் வேல்ஸில் சுவான்சி நகரில் படிக்கிறாள். அவளைப் பார்க்கச் சென்றிருந்த செப்டம்பர் மாதத்தில், முழுநிலவுக்கு மறுநாள், இருவரும் தென்மேற்கு மூலையிலுள்ள பெம்புரோக்‌ஷயருக்கு ரயிலில் சென்று, பெம்புரோக் ஊரிலிருந்து பேருந்து பிடித்தோம். புறப்படுவதற்குக் காரணம் ஒரு படம். அசையாத நீர்ப்பரப்பின் கரையில் கூரையிழந்த கோட்டை ஒன்று நிற்க, அதன் நெடிய சன்னல்கள் தலைகீழாக நீரில் தெரிந்தன. எங்களைப் போலவே அந்தப் படத்தை நம்பி வருகிறவர்கள் பலர் இருப்பார்கள் என்பதால், நாங்கள் கண்டதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். நண்பகல் கடந்து நாங்கள் அணைக்கரையில் போய் நின்றபோது, கோட்டைப் பக்கம் ஆலைக்குளத்தில் மட்டும் நீர் தேங்கியிருந்தது. மறுபக்கம், கடலை நோக்கி விரிந்த கழிமுகம் முழுவதும் சேறு.

கழிமுகம் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு நினைவுக்கு வருவது அடையாறும் பழவேற்காடும்தான். அங்கெல்லாம் ஓதம் ஏறுவதையும் வற்றுவதையும் கூர்ந்து கவனித்தால்தான் தெரியும்; சென்னைக் கரையில் உவா என்னும் முழுநிலவு, அமாவாசை நாள்களில்கூட ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஒரு மீட்டரை ஒட்டிய வேறுபாடுதான். கேரூ ஆறு சென்று சேரும் மில்ஃபர்டு ஹேவன் நீர்வழியிலோ, அதே நாள்களில் கடல் சராசரியாக 6 மீட்டருக்கும் மேலாக ஏறி இறங்குகிறது. இரண்டு மாடி வீடு ஒன்று நாளுக்கு இருமுறை மூழ்கி எழுவதாக எண்ணிக்கொள்ளலாம். பனிக்காலம் முடிந்து கடல்மட்டம் உயர்ந்தபோது மூழ்கிப்போன ஆற்றுப் பள்ளத்தாக்கு இது. ஆகையால்தான் கடல் தன் ஏற்றத்தை உள்நாட்டில் இவ்வளவு தொலைவுக்கு, ஓக் மரங்கள் நீரைத் தொட்டு நிற்கும் இந்தக் கிளையாறுகள் வரைக்கும், கொண்டுவந்து விட்டுச் செல்கிறது.

முழுநிலவும் அமாவாசையும்தானே பெரிய ஏற்றத்தின் நாள்கள், அப்படியிருக்க நீர் எங்கே போயிற்று என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. பழைய தமிழில் வெள்ளுவா, காருவா என்று இந்த இரு நாள்களுக்கும் தனிப்பெயரே உண்டு. விடை மகள் வைத்திருந்த சிறிய ஓத அட்டவணையில் இருந்தது. ஒரு துறையில் உவா நாளின் ஏற்றம் எப்போதும் ஏறத்தாழ ஒரே கடிகார நேரத்தில்தான் வருகிறது. மில்ஃபர்டு ஹேவனில் அது காலையிலும் மாலையிலும் ஆறு, ஏழு மணியை ஒட்டி வரும். அப்படியானால் ஆழமான வற்றம் சரியாக நண்பகலை ஒட்டி விழும். கோட்டையைப் பார்க்க வெளியூரார் வந்திறங்கும் நேரமும் அதுவேதான். பெரிய ஓத நாள் என்று எண்ணி மதியத்தில் வருகிறவர் யாராயினும் கழிமுகத்தில் பெரிய சேற்றைத்தான் பார்ப்பார். இதை வழிகாட்டி நூல்கள் ஏன் முதல் வரியிலேயே எழுதுவதில்லை என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. மாலை ஏற்றத்தைப் பார்க்காமல் திரும்புவதில்லை என்று அங்கேயே முடிவுசெய்தோம்.

சேறு என்று சொல்லி அதைத் தள்ளிவிடவும் முடியாது. சாம்பலும் பழுப்பும் கலந்த அந்தப் பரப்பின் நடுவே, விரலால் கீறியதைப் போல வளைந்து வளைந்து ஓடிய ஒற்றை வாய்க்காலில் மட்டும் ஆறு மிஞ்சியிருந்தது. கரையோரத்தில் கணுக்கணுவாகச் சதைப்பிடித்த ஒரு செடி நுனியில் சிவந்து கிடந்தது. குனிந்து பார்த்தால், பிச்சாவரத்தில் படகோட்டி உமரி என்று காட்டிய செடியின் நெருங்கிய உறவு. ஒரு கணுவைக் கிள்ளி வாயிலிட்டேன், அதே உப்பு. வாய்க்காலின் விளிம்பில் பவளக்கால் உள்ளான்கள் ஓடி ஓடிக் கொத்தின. சற்றுத் தள்ளி, வளைந்த நீண்ட அலகைக் கண்வரை சேற்றில் செருகி எடுத்துக்கொண்டிருந்தது ஒரு கர்லூ. அவற்றுக்கு நடுவே நம் ஊர்ச் சின்ன வெள்ளைக்கொக்கு! பிரிட்டனில் அது கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கத் தொடங்கியது 1996இல்தான். அங்கே அதுவும் என்னைப் போல அண்மையில் வந்து சேர்ந்தது என்று எண்ணிக்கொண்டேன்.

காத்திருக்க வேண்டிய பொழுதைக் கோட்டைக்குள் கழித்தோம். நுழைவதற்கு முன்பே சாலையோரத்தில் ஒரு கற்சிலுவை நிற்கிறது. ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்குக்கும் மேலான அந்தக் கல்லில், முடிவும் தொடக்கமும் தெரியாமல் பின்னிப் பின்னிச் செல்லும் கோடுகளைப் பார்த்ததும் மகள், "நம் வாசலில் போடும் சிக்குக் கோலம்தானே அப்பா இது?" என்றாள். புள்ளிகள் மட்டுமே இல்லை. 1035இல் இறந்த மரெடிட் அப் எட்வின் என்ற வெல்ஷ் அரசனின் நினைவுக்கல் அது. பிரான்சிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்து, பின்னர் கோட்டையைக் கட்டிய நார்மானியர் இங்கே வருவதற்கு முன்பே நடப்பட்டது என்பதால், அந்த இடத்தில் முதல் மரியாதை அதற்கே உரியது.

கோட்டையின் கதை ஏறத்தாழ 1100இல் தொடங்குகிறது. பெம்புரோக் கோட்டையைக் காத்துவந்த ஜெரால்டு என்ற நார்மானியர், தென்வேல்ஸ் அரசன் ரிஸ் அப் டூடரின் மகள் நெஸ்டை மணந்தார். கேரூ நிலம் அவளோடு சீதனமாக வந்ததென்று சொல்கிறார்கள். 1109இல் ஓவைன் அப் காட்வ்கன் என்ற வெல்ஷ் இளவரசன் நெஸ்டைக் கவர்ந்து சென்றபோது, ஜெரால்டு கழிப்பறைத் துளை வழியாக இறங்கித் தப்பினார் என்று வெல்ஷ் வரலாற்றேடு கூறுகிறது. அது எந்தக் கோட்டையின் கழிப்பறை என்பதில் அறிஞர்களுக்குள் இன்றும் வழக்கு தீரவில்லை. நான் கேரூவின் சுவரில் அத்தகைய துளை ஒன்றைக் கண்டதும் நின்று அளவெடுத்துப் பார்த்தேன். என் உடம்பு புகாது.

இன்று நிற்கும் கல் மதில்களில் பெரும்பகுதி, 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் நிக்கலஸ் டி கேரூ எழுப்பியது. மேற்குப் பக்கத்தில் இரண்டு வட்டக் கோபுரங்கள் இருக்கின்றன. அவற்றின் அடிப்பகுதி சதுரமாகத் தொடங்கி, மூலைகளில் கூம்பாகச் சரிந்து மேலேறி, எங்கோ ஓரிடத்தில் வட்டமாகிவிடுகிறது. எந்த வரிசைக் கல்லில் சதுரம் முடிந்தது என்று விரலை வைத்துத் தேடினேன், அகப்படவில்லை. கோட்டை முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் கொத்து வேலைதான்.

பின்னாளில் கோட்டை ரிஸ் அப் தாமஸ் என்பவர் கைக்கு வந்தது. 1485 ஆகஸ்டு 7ஆம் நாள், இங்கிலாந்தின் அரியணைக்கு உரிமை கோரிய ஹென்றி டூடர் படையோடு கரையிறங்கியது இதே மில்ஃபர்டு ஹேவனின் வாயிலில்தான். அவரோடு ரிஸ் சேர்ந்துகொண்டார். அடுத்த இரு வாரங்களில் பாஸ்வொர்த் போர்க்களத்தில் வென்று ஹென்றி இங்கிலாந்தின் அரசரானார். அதனால் தமக்கு வந்த உயர்வைக் கொண்டாட 1507இல் ரிஸ் இங்கே நடத்திய வீரவிளையாட்டு விழாவைப் பற்றி நுழைவாயிலில் விரிவாக எழுதி வைத்திருக்கிறார்கள். விழாக்களைப் பற்றிப் படிப்பதில் எனக்குப் பொறுமை குறைவு. அவருடைய பேரனின் தலை 1531இல் வெட்டப்பட்டு, கோட்டை அரசுடைமையானது என்ற வரியில்தான் நின்றேன்.

படத்தில் நான் பார்த்த சன்னல்கள், 1558இல் கோட்டையைப் பெற்ற சர் ஜான் பெரட் அமைத்தவை. அயர்லாந்தில் அரசப் பிரதிநிதியாக இருந்து 1588இல் திரும்பிய அவர், வடபுறத்தில் நீரைப் பார்த்தபடி ஒரு மாளிகையை எழுப்பத் தொடங்கினார். அம்பு மட்டும் நுழையும் கீற்றுகளை வைத்துக் கட்டிய ஒரு கோட்டையின் முதுகில், ஆளை விடப் பல மடங்கு உயரமான கண்ணாடிச் சன்னல்களை வரிசையாகத் திறந்துவிட்டார். பகைவன் ஒரு கல்லை எடுத்தெறிந்தால் போதும் என்ற நிலைக்குத் தன் வீட்டை ஒருவர் விரும்பிக் கொண்டுவருகிறார் என்றால், பகைவர் அந்தத் திசையில் இல்லை என்று அவர் நம்பியிருக்க வேண்டும். இலண்டனில் இருந்தார்கள். இராசத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டு, தண்டனை விதிக்கப்பட்ட நிலையில், 1592இல் இலண்டன் கோபுரச் சிறையிலேயே அவர் இறந்தார். மாளிகை முற்றுப்பெறவில்லை. மேல்தளங்கள் இல்லாததால், கீழே நின்றபடியே மூன்று மாடிச் சன்னல்கள் வழியாகவும் வானத்தைப் பார்க்கலாம். அன்று அந்தச் சட்டங்களில் காக்கைக் குடும்பத்துச் சிறு பறவைகள் குடியிருந்தன. இருட்டறைகளில் வௌவால்கள் தங்குவதால் சில கதவுகளைத் திறப்பதில்லை என்று சொன்னார்கள்.

கோட்டையை விட அணைக்கரையில், ஓத நீரின் விசையால் தானியம் அரைத்துவந்த ஓத ஆலைதான் என்னை நெடுநேரம் பிடித்து வைத்தது. 16ஆம் நூற்றாண்டிலேயே இங்கு ஆலை இருந்ததாகக் குறிப்பு உண்டு. இன்றிருக்கும் நான்கடுக்குக் கட்டடம் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. வேல்ஸில் பழுதுபார்க்கப்பட்டு நிற்கும் ஓத ஆலை இது ஒன்றுதான். செயல்முறை நம் ஏரி மதகைப் பார்த்தவருக்கு உடனே புரியும். ஏற்றத்தின்போது கடல்நீர் மதகுக் கதவைத் தள்ளிக்கொண்டு 23 ஏக்கர் பரப்புள்ள குளத்துக்குள் புகும். ஓதம் திரும்பியதும் குளத்து நீரின் அழுத்தமே அந்தக் கதவைச் சாத்திவிடும். வெளிப்பக்கம் வற்றி, போதுமான உயர வேறுபாடு கிடைத்ததும், தேங்கிய நீரைச் சக்கரங்களின் அடியில் திறந்துவிட்டால் அவை சுழன்று மேல்தளத்துக் கற்களை ஓட்டும். உள்ளே இருந்த கற்களில் ஒன்றைப் புரட்டி வைத்திருந்தார்கள். நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடும் சாய்ந்த பள்ளங்களை, எங்கள் தெருவில் "அம்மி கொத்தலையோ" என்று கூவி வருகிறவர் உளியால் கொத்தும் அதே விதத்தில் அவ்வப்போது கொத்திப் புதுப்பிக்க வேண்டுமாம்.

இந்த ஏற்பாட்டில் ஆலைக்காரருக்குத்தான் நிலையான பொழுது கிடையாது. ஓதம் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். அதோடு அவருடைய வேலை நேரமும் தள்ளிப்போகும். இந்த வாரம் பகலில் அரைத்தவர் அடுத்த வாரம் நள்ளிரவில் எழுந்து விளக்கேற்றியிருப்பார். கோட்டைக்குள் யார் வந்தார்கள், யார் தலை போயிற்று என்பதெல்லாம் அந்தக் கணக்கில் ஒரு நிமிடத்தையும் மாற்றியிருக்காது. 1937இல் ஆலை நின்றது. 1972இல் அதைப் பழுதுபார்த்துக் காட்சிக்கு வைத்தார்கள்.

குளத்தைச் சுற்றி ஒன்றரைக் கிலோமீட்டருக்குச் சற்று மேலான நடைபாதை உண்டு. அதை இருமுறை சுற்றி முடித்து, அட்டவணை சொன்ன ஆறு நாற்பதுக்காக அணைக்கரையில் வந்து உட்கார்ந்தோம். கடைசிப் பேருந்துக்கு நேரம் நெருங்கியபோது நீர் இன்னும் சேற்று மேடுகளின் காலடியில்தான் இருந்தது. மகள் அட்டவணையை மீண்டும் புரட்டி, முதல் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தாள்.

"அப்பா, இதெல்லாம் கிரீன்விச் நேரமாம். இப்போது கோடை நேரம். ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும்."

ஏழு நாற்பது. பேருந்தை விட்டுவிட்டு, வாடகைக் காருக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்தோம்.

ஏறும் நீர் அலையாக வருவதில்லை. முதலில் வாய்க்கால் சற்றுத் தடித்தது. பிறகு சேற்றின் பள்ளங்களில், யாரோ பாலைக் கொட்டி வழியவிட்டதைப் போல, சத்தமின்றி நாக்கு நாக்காக நீர் நீண்டு ஒன்றோடொன்று சேர்ந்தது. உமரிச் செடிகள் ஒவ்வொரு கணுவாக மூழ்கின. கர்லூ இருமுறை இடம் மாறி நின்று பார்த்துவிட்டு, நீளமாக ஒரு குரல் எழுப்பிப் பறந்தது. கதிரவன் இறங்கிய பின் வானத்தில் எஞ்சிய வெளிச்சம் முழுவதும் நீருக்கு வந்துவிட, அணையின் இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் நின்றது. திரும்பிப் பார்த்தால் பெரட்டின் சன்னல்கள் குளத்தில் தலைகீழாக நின்றன. படத்தில் இருந்ததை விட இருட்டாக, ஆனால் நடுக்கமே இல்லாமல்.

எங்கள் காலடியில் ஓர் ஓக் இலை உள்நோக்கி மிதந்து வந்துகொண்டிருந்தது. சுவரை நெருங்கி, நின்றது. நாங்கள் இருவரும் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பாலத்தின் அருகே வாடகைக் கார் வந்து விளக்கைச் சிமிட்டியது. மகள் கைப்பேசியை எடுத்து, இரண்டு நிமிடம் பொறுக்கும்படி ஓட்டுநரிடம் சொல்லி முடிப்பதற்குள், இலை வந்த வழியே வெளிநோக்கித் திரும்பத் தொடங்கியிருந்தது.