மேக்ரோ எங்கிருந்து வருகிறது: பில்டு கருவிகளை ஆவணப்படுத்துவோருக்கு

சி மொழித் திட்டம் ஒன்றின் பில்டு அமைப்பை (மூல நிரலை இயங்கும் நிரலாக மாற்றும் ஏற்பாட்டை) ஆவணப்படுத்தும் பயிற்சியை மேற்கொள்ளும் மாணவர்கள் பலர், நிரலில் காணும் மேக்ரோ பெயர்களை (கம்பைலுக்கு முன் வேறு உரையாக மாற்றப்படும் பெயர்களை) அகரவரிசையில் அடுக்குவதிலேயே நேரத்தைச் செலவிடுகின்றனர். படிப்பவருக்கு வேண்டியது, அப்பெயரை எந்தக் கருவி எந்தக் கட்டத்தில் வரையறுக்கிறது, நிபந்தனை நிறைவேறாதபோது அதன் நிலை என்ன என்ற விவரமே.

இவற்றுள் கடைசிக் கேள்வியே எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. கணினியில் எந்த வசதிகள் உள்ளன எனச் சோதிக்கும் கருவியான ஆட்டோகான்ஃபில் ஒரு சோதனை வெற்றி பெற்றால், முடிவுகளைத் தாங்கும் கான்ஃபிக்.எச் கோப்பில் மேக்ரோவை வரையறுக்கும் டிஃபைன் வரி இடம்பெறும். தோற்றால் அதே இடத்தில் வரையறையை நீக்கும் அன்டெஃப் வரி, செயல்படாத கமெண்டாக நிற்கும். இதே வகைக் கருவியான சிமேக்கின் சிமேக்டிஃபைன் வரியும் இவ்வாறே நடந்துகொள்கிறது. ஆனால் பெயரின் இறுதியில் 01 சேர்ந்த அதன் இணை வடிவம் மேக்ரோவை எப்போதும் வரையறுத்து, மதிப்பை மட்டும் 0 அல்லது 1 என மாற்றுவதால், பெயர் வரையறுக்கப்பட்டுள்ளதா என்று மட்டும் பார்க்கும் இஃப்டெஃப் கொண்டு சோதிக்கும் நிரலில் மதிப்பு 0 ஆக இருந்தாலும் அப்பகுதி கம்பைல் ஆகிவிடும். மற்றொரு கருவியான மெசானின் மெசான்டிஃபைன் வரியோ, பூலியன் மதிப்பு உண்மையானால் மேக்ரோவை வெறுமையாக வரையறுக்கும். அதை, மதிப்பைப் பார்க்கும் வெறும் இஃப் கொண்டு சோதித்தால் முன்செயலி (கம்பைலுக்கு முன் மேக்ரோக்களைக் கையாளும் நிரல்) பிழை காட்டும். கட்டளை வரியில் மைனஸ் டி (-D) மூலம் மதிப்பின்றித் தரப்படும் மேக்ரோவுக்கு 1 என்ற மதிப்பு தானாகவே கிடைக்கிறது. எனவே ஒவ்வொரு மேக்ரோவுக்கும் அதைச் சோதிக்க வேண்டிய முறையையும் ஆவணத்தில் எழுதிவிடுங்கள்.

உருவான கான்ஃபிக்.எச் ஒரு கணினியின் விடைத்தாள் மட்டுமே என்பதால், விளக்கத்துக்கு அது உருவாக மூலமாகும் மாதிரிக் கோப்பையே அடிப்படையாகக் கொள்ள வேண்டும். ஆட்டோகான்ஃபின் ஏசி_டிஃபைன் கட்டளையின் மூன்றாம் பகுதியில் எழுதும் விளக்கத்தை அதன் துணைக் கருவி ஆட்டோஹெடர் அந்த மாதிரிக் கோப்பில் கமெண்டாகச் சேர்த்துவிடும். பாதி ஆவணம் அங்கேயே கிடைத்துவிடுகிறது, ஆயினும் அதைத் திறந்து பார்ப்போர் குறைவு.

_குனு_சோர்ஸ் போன்ற மேக்ரோக்கள் கணினியின் ஹெடர் கோப்புகள் (நிரலின் தொடக்கத்தில் சேர்க்கப்படும் அறிவிப்புக் கோப்புகள்) எவற்றை அறிவிக்கின்றன என்பதையே மாற்றுவதால், கான்ஃபிக்.எச் கோப்பை மற்ற எல்லா ஹெடர்களுக்கும் முன்பாகச் சேர்க்க வேண்டும் என்பதையும் குறிப்பிடுங்கள்.

எழுதியதைச் சரிபார்க்க, ஜிசிசி கம்பைலரில் உண்மையான கம்பைல் கட்டளையுடன் மைனஸ் ஈ (-E), மைனஸ் டிஎம் (-dM) ஆகிய விருப்பங்களைச் சேர்த்து இயக்கினால், முன்செயலி முடிந்த நிலையில் வரையறையிலுள்ள மேக்ரோக்கள் அனைத்தும் பட்டியலாக வரும். கருவியின் அமைப்பை மாற்றி மீண்டும் இயக்கி, இரு பட்டியல்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.