குறுக்கே போனால் அணை, கூடவே போனால் கரை

குரூப் 4 ரிசல்ட் வந்து மூன்று நாள் ஆகிறது. சான்றிதழ் சரிபார்ப்புப் பட்டியலில் என் எண்ணும் இருக்கிறது. போன தடவை ஒன்றரை மதிப்பெண்ணில் கைநழுவியது. எந்தக் கேள்வி என்பது இன்றைக்கும் உறுத்துகிறது: 'உயர் அணை' எப்படி உருவாகிறது? அணை என்ற சொல்லைப் பார்த்ததுமே மனிதர் கட்டுவது என்று வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டேன்.

இத்தனைக்கும் என் ஊர் சேத்தியாத்தோப்பு. அப்பா "அணைக்கட்டுக்குப் போறேன்" என்றால் வெள்ளாறு. "கரை மேல போறேன்" என்றால் வீராணம் ஏரி. ஒரு நாளும் மாற்றிச் சொன்னதில்லை. தோற்ற பிறகுதான் அவரிடம் கேட்டேன். "தண்ணிய மறிச்சா அணை, தண்ணி கூடவே போனா கரை. இதுக்கு எதுக்குடா புக்கு?" என்றார்.

உயர் அணை பெயரில்தான் அணை, சங்கதியில் கரை. வெள்ளம் கரை புரளும்போது வேகம் குறைகிறது. கனமான மணல் ஆற்றோரத்திலேயே படிந்துவிடும். மெல்லிய வண்டல் தள்ளிப்போய்ச் சமவெளியில் படியும். இப்படியே படிந்து படிந்து ஓரம் மேடாகிறது. யாரும் மண்வெட்டி எடுக்கவில்லை.

ஏரிக்கரையும் தண்ணீரைத் தேக்குகிறதே என்று கேட்பீர்கள். தேக்குகிறதுதான், ஆனால் ஓடும் ஆற்றை மறிக்கவில்லை. கொள்ளிடத்தை மறிப்பது 1836-இல் கட்டிய கீழணை. அங்கிருந்து வடவாறு வழியாக வரும் தண்ணீரைத்தான் வீராணத்தின் நீண்ட கரை தாங்கி நிற்கிறது. கீழணை இருக்கும் ஊரின் பெயர் அணைக்கரை! அந்தப் பெயரை வைத்தே இரண்டையும் நினைவில் நிறுத்தினேன்.

சேர்த்துப் படிக்க வேண்டியவை:
- கரிகாலன்: கல்லணை குறுக்கே, திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்வது காவிரிக்குக் கரை எடுத்ததை. இரண்டும் வேறு வேறு வேலை.
- வரப்பு: வயலுக்கும் வயலுக்கும் நடுவே.
- மதகு திறந்து மூட. கலிங்கு மிச்சத் தண்ணீர் வழிய.

அப்புறம், குழுவாகப் படிக்கச் சொல்வார்கள். எனக்கு அது சரிப்படவில்லை, பேச்சுதான் ஓடியது. விடியற்காலையில் தனியாக உட்கார்ந்தேன். கலைச்சொல் எது வந்தாலும் பெயரை மூடிவிட்டு விளக்கத்தை மட்டும் படித்தேன். இந்த முறை நான் வேறு எதையும் பெரிதாக மாற்றவில்லை. கணக்குக்கு என்னிடம் யோசனை கேட்காதீர்கள், அதில் நான் தப்பித்ததே அதிசயம்.