பன்னிரண்டு தையல்

"உள்ளே உங்கள் அடையாளம் எதுவும் வேண்டாம். அசலில் அது இல்லையே?"

பழைய போர்க்கால ஜாக்கெட்டின் நகலுக்கு முதுகில் படம் வரையச் சொல்லி வந்த வாடிக்கையாளர் சொன்னது இவ்வளவுதான். குரலில் கள்ளம் எதுவும் தெரியவில்லை. எனக்குத்தான் வாயடைத்துவிட்டது, ஏனென்றால் அது என் பேச்சு. இரண்டு வாரத்துக்கு முன்னால் ஜிப்பை மட்டும் இந்தக் காலத்து ஜிப்பாகப் போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். அசலில் இல்லாத எதையும் ஏ-2வில், அதாவது இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானிகள் போட்ட தோல் ஜாக்கெட்டில், போட மாட்டேன், அந்தக் காலத்து டாலன் கம்பெனி ஜிப் கிடைக்கும்வரை காத்திருங்கள் என்று வசனம் பேசியவன் நான். அதைத்தான் அப்படியே திருப்பிக் கொடுத்தார்.

நான் வழக்கமாகப் போடும் அடையாளம் சின்னது. இடது பாக்கெட்டுக்குப் பின்னால், தோலின் உட்புறத்தில், அழியாத மையில் ஆண்டும் இரண்டு எழுத்தும். லைனிங்கைப் பிரித்தால்தான் தெரியும். போட்டுக்கொள்பவருக்கு அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. வாங்கி விற்பவருக்கு உண்டு.

அவர் கொண்டுவந்தது குதிரைத் தோலில் தைத்த நல்ல நகல். கழுத்துப் பட்டியில் நெய்த லேபிள். 'டைப் ஏ-2', வரைபட எண் 30-1415, ஒப்பந்த எண், எல்லாம் இருந்தன. நூல் முழுக்கப் பருத்தி. அதன் மேல் முதுகு ஓவியம், இடது மார்பில் ஸ்குவாட்ரன் பேட்ச், பெயர்ப்பட்டை. அதற்கும் மேல், பழையதாகத் தெரியும்படி பெயின்ட்டில் வெடிப்பு. என் அடையாளத்தையும் எடுத்துவிட்டால் அதற்கும் அசலுக்கும் நடுவில் மிஞ்சுவது வயது ஒன்றுதான். அந்த வயதையும் கூலி பேசி நானே ஏற்றப்போகிறேன்.

ஏ-2வின் முதுகு ஒரே துண்டுத் தோல், நடுவில் தையல் கிடையாது. 1931இல் அந்த வடிவத்தை ஏற்றவர்கள் ஓவியத்தை நினைத்திருக்க மாட்டார்கள். 1943இல் இங்கிலாந்தில் இருந்த அமெரிக்க எட்டாவது விமானப்படைப் பையன்களுக்கு அது எழுதாத போர்டு மாதிரி கிடைத்தது.

முதலில் தோலின் மேல்பூச்சை எடுக்க வேண்டும். பழைய பனியன் துணியில் அசிட்டோனை நனைத்து, துணியில் பழுப்பு ஏறி, தோலின் பளபளப்பு மங்கும்வரை துடைத்தால் போதும். அதற்கு மேல் தேய்த்தால் தோல் வறண்டு, பெயின்ட்டைத் திட்டுத்திட்டாகக் குடிக்கும். படத்தை டிரேசிங் தாளில் வரைந்து, கோடு நெடுக 2 மில்லிமீட்டருக்கு ஒரு ஊசித் துளை போட்டு, சாக்பீஸ் தூளைத் துணியில் முடிந்து மேலே தட்டினால் தோலில் புள்ளிக் கோடு விழும். போர்டு எழுதுகிறவர்களின் பழைய வழி அது.

அக்ரிலிக் வேண்டாம். வளையும், உரியாது, பல வருடம் இருக்கும், அதுதான் குறை. எண்ணெய் எனாமல்தான் காலப்போக்கில் இறுகி, மஞ்சளித்து, மடிப்பில் வெடிக்கும். டர்பன்டைன் சேர்த்துப் பால் பதத்தில் இரண்டு மெல்லிய பூச்சு, நடுவில் 24 மணி நேரம். அவசரப்பட்டு ஒரே தடவையில் கனமாக அடித்தால் மேலே ஆடை கட்டி உள்ளே பச்சையாகவே கிடக்கும். மூன்று வாரம் கழித்து மடிப்பில் ஏடாகக் கிளம்பும். இன்றைய டைட்டானியம் வெள்ளை கண்ணைக் குத்தும். ஒரு கரண்டி வெள்ளைக்குக் குன்றிமணி அளவு மஞ்சள் ஓகர், அதில் பாதி அளவு பழுப்பு அம்பர்.

இதெல்லாம் கைப்பழக்கம். நிஜமான கஷ்டம் மோசமாக வரைவது. இங்கிலாந்தின் பாசிங்போர்ன் தளத்தில் இருந்த 91வது குண்டுவீச்சுக் குழுவில் டோனி ஸ்டார்சர் என்ற தரைப்பணியாளர் இருந்தார். எஸ்குயர் இதழில் ஜார்ஜ் பெட்டி என்ற ஓவியர் வரைந்த பெண்ணைப் பார்த்து மெம்பிஸ் பெல் என்ற குண்டுவீச்சு விமானத்தின் மூக்கில் வரைந்தவர் அவர்தான். அந்த மாதிரிக் கை எல்லாத் தளத்துக்கும் வாய்க்கவில்லை. பெரும்பாலான ஜாக்கெட்டுகளில் முழங்கால் திரும்பியிருக்கும், விரல் எண்ணிக்கை உதைக்கும், கடைசி இரண்டு எழுத்து இடமில்லாமல் நெருக்கியடித்து நிற்கும். அந்தத் தவறைப் பார்த்துப் பார்த்து மெதுவாக வரைந்தால் நகல் என்று உடனே தெரிந்துவிடும். வேகமாகப் போகிற பிரஷ்ஷில் தவறு தானாக விழ வேண்டும். இதற்காகவே முதுகில் வரவேண்டிய அந்த ஒரு வார்த்தையைப் பழைய தோல் துண்டில் நாற்பது தடவையாவது எழுதியிருப்பேன்.

வாடிக்கையாளரிடம் இருந்தது ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படம். குண்டின் மேல் உட்கார்ந்த பெண், கீழே சின்னச் சின்னக் குண்டுகள்: பத்து, பத்து, ஏழு. ஒவ்வொன்றும் ஒரு தடவை போய்த் திரும்பியதற்கு. 1943இல் 25 தடவை பறந்தால் வீட்டுக்குப் போகலாம். 1944இல் அது 30 ஆகி, பிறகு 35 ஆனது. 27இல் ஏன் நின்றது என்று இரண்டு பேரும் பேசவில்லை. எண்ணிக்கையைக் கூட்டச் சொல்லி அவர் கேட்கவும் இல்லை. ஏமாற்ற நினைக்கிறவன் முதலில் அதைத்தான் கேட்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யோசித்தால், கெட்டிக்காரன் அதைக் கேட்கவே மாட்டான்.

"சரி, போடவில்லை" என்றேன்.

பெயர்ப்பட்டை தைக்கிற அன்றுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன். பட்டையின் கீழ் ஓரத்தில், ஒன்றரை அங்குலத்துக்கு, அங்குலத்துக்கு எட்டு வீதம் பன்னிரண்டு தையல், அதே பழுப்பில் பாலியெஸ்டர் நூலால். பகலில் வித்தியாசம் தெரியாது. சேகரிப்பவர்கள் கையில் வைத்திருக்கும் புற ஊதா விளக்கில் பருத்தி நூல் மங்கிக் கிடக்கும். இது நீலமாக எரியும். போருக்குப் பிந்தைய நூல் என்று அப்போதே முடிவு கட்டிவிடுவார்கள். எல்லாப் பாலியெஸ்டரும் அப்படி ஒளிராது. மூன்று கண்டுகளை விளக்கின் கீழ் வைத்துப் பார்த்து, ஒளிர்ந்ததை எடுத்தேன். ஆகவே கை தவறி நடந்தது என்று சொல்ல வழியில்லை.

என் பக்கத்து நியாயம் பலமானதுதான். ஓவியமில்லாத நகல் சில நூறு டாலர். ஓவியத்தோடு அசல் என்றால் பல ஆயிரம். இவர் நல்லவராகவே இருக்கட்டும், இவருக்குப் பிறகு அது யார் கைக்குப் போகும்? முதுகில் எழுதியது போட்டவன் சொன்னபடி கேட்காது. 1943 நவம்பரில் முதுகில் 'மர்டர் இன்க்' (கொலை கம்பெனி) என்று எழுதிய ஜாக்கெட்டோடு ஒரு குண்டுவீச்சாளர் ஜெர்மனியில் பிடிபட்டார். அது அவர் விமானத்தின் பெயர், ஒரு கேலி. ஜெர்மன் பத்திரிகைகள் அந்த முதுகைப் படமெடுத்துப் போட்டு, அமெரிக்கர்கள் கூலிக்குக் கொலை செய்கிறவர்கள், அவர்களே எழுதிக்கொண்டிருக்கிறார்கள் பாருங்கள் என்றன.

ஆனால் பில்லில் 'நூல்: முழுக்கப் பருத்தி' என்று எழுதியவன் நான். அவர் அதற்குக் காசு கொடுத்தார். என் வேலையில் பொய் என்று சுட்டிக்காட்ட ஒரு இடம் உண்டென்றால் அது அந்தப் பன்னிரண்டு தையல்தான்.

வெடிப்பை நினைத்தால் இன்னும் சிக்கல். வெடிப்பு வார்னிஷ் அடித்தால் வறண்ட குளத்துத் தரை மாதிரி முதுகெங்கும் ஒரே சீராக விரியும், பார்த்ததுமே போலி. அசலில் தோள்பட்டை எலும்பின் மேலும் இடுப்புக்குச் சற்று மேலேயும் குறுக்காக வெடிக்கும், நடுமுதுகு பெரும்பாலும் தப்பிவிடும், நாற்காலி உரசும் இடத்தில் பெயின்ட்டே இருக்காது. அதற்காக ஆறு வாரம் காயவிட்டு, பிறகு தினமும் இரண்டு மணி நேரம் அதைப் போட்டுக்கொண்டு மர நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். அந்தக் கூலியை வாங்கும்போது மனசு உறுத்தவில்லை. அடையாளம் வேண்டாம் என்றதும் உறுத்தியது. எந்தக் கணக்கில் இது சேரும் என்று தெரியவில்லை. கைவேலையின் மேல் இருந்த அக்கறையா, பெயர் போடவில்லையே என்ற வீம்பா? வீம்பு என்று ஒப்புக்கொள்ளக் கஷ்டமாக இருக்கிறது.

போதாததற்கு, அந்தத் தையல் ஒன்றுக்கும் உதவாது. விவரம் தெரிந்தவன் ஐந்தே நிமிஷத்தில் பிரித்து, அதே துளைகளில் பருத்தி நூலை ஓட்டிவிடுவான். விவரம் தெரியாதவனிடம் விளக்கே இருக்காது. நான் ஏமாற்றியது அவர் ஒருவரை மட்டும்தான்.

ஜாக்கெட் கிடைத்ததும், கடைசி எழுத்துகள் நெருக்கியிருப்பதைத் தனியாகப் பாராட்டி எழுதினார். போன வாரம் இன்னொன்றுக்கு விலை கேட்டிருக்கிறார், அதே நிபந்தனைகள். மதிப்பீட்டைத் தட்டச்சு செய்துவிட்டேன். தோல், எனாமல், பேட்ச், காயவைக்கும் நாள் எல்லாம் போட்டாயிற்று. 'நூல்' என்ற வரிக்கு எதிரே மட்டும் இன்னும் ஒன்றும் எழுதவில்லை.