கருவேல முள்ளுக்கு ஒரு பதில்: பின்சக்கரம் டியூப்லெஸ் ஆகிவிட்டது

ஒருவழியாகப் பின்சக்கரம் காற்றைப் பிடித்துக்கொண்டது. ராத்திரி 65 பி.எஸ்.ஐ. வைத்துவிட்டுப் படுத்தேன், காலையில் கேஜ் 62 காட்டியது. ரோடு பைக்கில் டியூப்லெஸ் போட்டுப் பார்த்தவர்களுக்கு அந்த 62-இன் அருமை தெரியும். போன வாரம் வரை விடிந்தால் டயர் தரையோடு தரையாகத்தான் கிடந்தது.

வண்டியில் இருப்பது ஷிமானோவின் சோரா என்ற 9 கியர் செட். பல்சக்கரங்களில் முன்னால் 50/34 பல், பின்னால் 11-32, அலுமினிய ஃப்ரேம், கேபிளில் இழுக்கும் டிஸ்க் பிரேக். வண்டியை மேம்படுத்தக் கையில் ஒதுக்கிய பணம் 25,000 ரூபாய். இந்தத் தொகையைச் சொன்னதுமே கூட ஓட்டுகிறவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். வண்டியை விற்றுவிட்டுப் புதுசு வாங்கு, சோராவுக்கு மேல்தரமான 105 கியர் செட் போடு, சக்கரத்தை மாற்று.

105 முதலிலேயே அடிபட்டுவிட்டது. ஷிஃப்டர், செயினைப் பல்லுக்குப் பல் தள்ளுகிற இரண்டு டீரெய்லர், கேசட் என்கிற பின்பக்கப் பல்சக்கர அடுக்கு, செயின் எல்லாம் சேர்ந்தால் பட்ஜெட்டைத் தாண்டும். அதோடு 11 கியர் ரோடு கேசட்டுக்கு, அது மாட்டுகிற ஃப்ரீஹப் 1.85 மி.மீ. நீளம் கூடுதலாக வேண்டும். என் ஹப் பழைய அளவு, ஆகவே சக்கரத்துக்கும் சேர்த்துச் செலவு. லேசான சக்கரம் என்று பார்த்தால், இந்த விலையில் அரை கிலோ குறைந்தாலே பெரிய விஷயம். ஆளும் வண்டியும் தண்ணீரும் சேர்ந்து 85 கிலோ என்றால் அரை கிலோ என்பது 0.6 சதவீதம். ஒரு மணி நேரம் மலை ஏறினால் மிச்சமாவது இருபது விநாடி சொச்சம். ஒரு பஞ்சர் ஆனால் கால் மணி நேரம் போய்விடும்.

பஞ்சர்தான் இங்கே முடிவு செய்கிறது. மேலூர் பக்கம் போனாலும், செக்கானூரணி தாண்டி உசிலம்பட்டிக்குப் போனாலும், கண்மாய்க்கரையை ஒட்டின எந்த ரோட்டிலும் சீமைக்கருவேலம். 2017-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை இந்த மரங்களை அகற்றச் சொல்லி உத்தரவிட்டது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். வெட்டுவது நல்ல காரியம்தான். ஆனால் வெட்டின கொப்பை டிராக்டரில் இழுத்துப் போகும்போது ரோட்டோரம் முழுக்க முள் சிந்தும், நாம் ஓட்டுவதும் அதே ஓரத்தில்தான். முள் டயருக்குள் ஒடிந்து நிற்கும். டியூபை மாற்றினாலும் விரலால் தடவி அந்த நுனியை எடுக்காவிட்டால் அடுத்த டியூபும் காலி. இவ்வளவு சின்ன ஓட்டைக்குத்தான் சீலன்ட், அதாவது டியூப்லெஸ் டயருக்குள் ஊற்றினால் ஓட்டையை அடைக்கிற திரவம், பொருத்தமான மருந்து. பெரிய கண்ணாடிக் கிழிசலுக்கு அது போதாது, முள்ளுக்குத் தாராளமாகப் போதும். ஷிமானோவும் ஹட்சின்சனும் 2006-லேயே ரோடு டியூப்லெஸ்ஸைக் கொண்டுவந்துவிட்டார்கள். நம் ஊர் ரோட்டுக்கென்றே செய்தது போல் இருக்கும் ஒன்றை இத்தனை வருஷம் ரேஸ்காரர்கள் சமாசாரம் என்று ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

ஆகவே பணம் போன வழி: ஷ்வால்பே ஒன் டியூப்லெஸ் 28 மி.மீ. டயர் இரண்டு, வால்வு, டேப், சீலன்ட், ஒரு 11-34 கேசட், செயின். கான்டினென்டல் ஜி.பி. 5000 எஸ் டி.ஆர். டயர் மேல் ஆசை இருந்தது. அதை வாங்கினால் கேசட்டை விட வேண்டியிருந்தது, கேசட்டை விட மனம் வரவில்லை.

இனி டேப், அதாவது ரிம்மின் ஸ்போக் ஓட்டைகளைக் காற்றுப் போகாமல் மூடுகிற பட்டை. டயரைப் பற்றி ஆயிரம் பேர் எழுதுகிறார்கள், டேப்பைப் பற்றி யாரும் சரியாகச் சொல்வதில்லை. என் ரிம்மின் உள்ளகலம் 19 மி.மீ. டேப் அனுப்பின கடையில் 21 போதும் என்று அடித்துச் சொன்னார்கள். கணக்குக்குச் சரிதான், ரிம் தட்டையாக இருந்தால். டியூப்லெஸ் ரிம்மில் நடுவே பள்ளம் உண்டு. டேப் பள்ளத்தின் ஒரு சுவரில் இறங்கி மறு சுவரில் ஏற வேண்டும், அகலத்தில் ஒரு பங்கு அதற்கே போய்விடும். மிச்சம், டயர் விளிம்பு உட்காரும் மேடைக்கு அரைகுறையாகத்தான் எட்டும். விளிம்பு ஏறி உட்காரும்போது அந்த ஓரத்தைச் சுருட்டித் தூக்கிவிடுகிறது.

இதைக் கண்டுபிடிக்கத்தான் இத்தனை பாடு. சோப்புத் தண்ணீர் ஊற்றினால் வால்வு அடியில் நுரை. வால்வை மாற்றினால் நாலு ஸ்போக் தள்ளி, ஸ்போக்கை ரிம்மில் பிடிக்கிற நிப்பிளில் நுரை. இரட்டைச் சுவர் ரிம்முக்குள் காற்று எங்கே நுழைந்தாலும் உள்ளேயே சுற்றிக்கொண்டு போய் எந்த ஓட்டை சுளுவாக இருக்கிறதோ அதன் வழியாக வெளியேறும். நுரை வருகிற இடம் வேறு, டேப் கிழிந்த இடம் வேறு. ஆகவே நிப்பிளிலோ வால்விலோ நுரை கண்டால் ஒட்டுப் போடுகிற வேலையே வேண்டாம், டேப் முழுவதையும் உரித்துவிடுங்கள். டயரின் பக்கச் சுவரில் பொடிப்பொடியாக நுரை வந்தால் மட்டும் கவலை இல்லை, சீலன்ட் ஊற்றிச் சுற்றினால் அடைந்துவிடும்.

25 மி.மீ. டேப் வரவழைத்தேன். ரிம்மை ஸ்பிரிட்டால் துடைத்து, பழைய பசை விரலில் ஒட்டாமல் போகும் வரைக்கும் தேய்த்தேன். வேலையைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். மத்தியான வெயிலில் பசை இளகி டேப் நகர்கிறது. வால்வு ஓட்டைக்கு ஒரு சாண் முன்னால் தொடங்கி, ஒரு சுற்று வந்து, ஓட்டையைத் தாண்டி இன்னொரு சாண் போய் முடித்தேன். அப்போதுதான் ஓட்டையின் மேல் இரண்டு அடுக்கு விழும். இழுத்துப் பிடித்துக்கொண்டே ஒட்ட வேண்டும், தளர்ந்தால் பள்ளத்தில் படியாது. ஒட்டினதும் சாதா டியூபையும் டயரையும் போட்டுக் காற்றடித்து ஒரு ராத்திரி விட்டேன். உள்ளிருந்து கிடைக்கிற அந்த அழுத்தத்தில் டேப் மூலை முடுக்கெல்லாம் படிந்துவிடுகிறது. வால்வுக்குத் துளை போடக் கத்தி ஆகாது, வெட்டு நீண்டுகொண்டே போகும். கோணி ஊசியைப் பழுக்கக் காய்ச்சிக் குத்தினால் துளையின் விளிம்பு உருகிக் கெட்டியாகிவிடும்.

மறுநாள் டியூபை எடுக்கும்போது ஒரு பக்க விளிம்பை மட்டும் கழற்றினேன். மறுபக்கம் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டது, அதைத் தொடக் கூடாது. இனி ஒரு பக்கம் உட்கார்ந்தால் போதும், வேலை பாதியாகிறது. அந்த விளிம்பை நடுப்பள்ளத்துக்குள் தள்ளிக்கொண்டே வந்தால் லீவர் இல்லாமல் கையாலேயே ஏறும்.

அப்புறமும் கைபம்ப்புக்கு அது மசியவில்லை. ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கார் டயர் கடைக்குக் கொண்டுபோனேன். ரோடு பைக்கின் மெல்லிய பிரெஸ்டா வால்வுக்குப் பித்தளை அடாப்டர் கையோடு வேண்டும், அங்கே இருக்காது.

"என்ன தம்பி, டியூப் போடாம காத்தடிக்கச் சொல்றீக?" என்றார் கடைக்கார அண்ணன்.

"கார்ல போடுற மாதிரிதான்ணே. ஒரே மூச்சா அடிங்க, 70-க்கு மேல மட்டும் போக வேணாம்."

விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவியிருந்தேன். டப் டப்பென்று இரண்டு சத்தம், டயர் ஏறி உட்கார்ந்துவிட்டது. அண்ணன் சக்கரத்தைக் கையில் வாங்கிச் சுற்றிப் பார்த்துவிட்டு, காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து காற்றை இறக்கி, வால்வின் உள்பாகத்தைக் (கோர்) கழற்றி, மருந்துக்கடையில் வாங்கின 20 மி.லி. சிரிஞ்சால் இரண்டு தடவை சீலன்ட் ஏற்றினேன். நன்றாகக் குலுக்கிவிட்டுத்தான் எடுக்க வேண்டும், இல்லையென்றால் ஓட்டையை அடைக்கிற துகளெல்லாம் பாட்டிலின் அடியிலேயே தங்கிவிடும். சித்திரை வெயிலில் சீலன்ட் சீக்கிரம் காய்ந்துபோகும் என்பதால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்ப்பதாக இருக்கிறேன்.

இன்னொன்று. டூவீலர் டியூப்லெஸ் பஞ்சர் கடையில் போடுகிற திரி நமக்கு ஆகாது, ரொம்பத் தடிமன். சைக்கிளுக்கென்று வருகிற மெல்லிய திரியை வாங்கி சேடில் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கூடவே மெல்லிய பிளாஸ்டிக்கில் செய்த ஒரு டி.பி.யு. டியூப். எடை சாதா டியூபில் பாதிகூட இல்லை, மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்கும்.

முன்சக்கரம் இன்னும் டியூபில்தான் ஓடுகிறது. டேப் மிச்சம் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் போடலாம். அதற்குள் மனம் கேசட்டுக்குப் போய்விட்டது. முன்னால் 34 பல்லுக்குப் பின்னால் 34 என்றால் நிமிஷத்துக்கு 60 மிதியில் 7.7 கி.மீ. வேகம், பழைய 32-இல் அதே மிதிக்கு 8.2. வித்தியாசம் அரை கிலோமீட்டர்தான் என்றாலும் சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளில், மேல் பாதியில், எழுந்து நின்று மிதிப்பதா உட்கார்ந்தே போவதா என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. சோராவின் நீளக்கூண்டு டீரெய்லர் 34 பல் வரை தாங்கும், அதைக் கேசட்டிலிருந்து தள்ளி வைக்கிற பி-ஸ்குரூவைக் கொஞ்சம் திருகினால் போதும். புதுச் செயினை எந்த இடத்தில் வெட்டுவது என்பதைப் முன்னும் பின்னும் பெரிய பல்சக்கரத்தில் சுற்றிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஞாயிற்றுக்கிழமை அந்த வேலை.