முன்பாரம், பின்பாரம்: ஒரு டிரெய்லர் நாட்குறிப்பு

மார்ச் 1, சனி

காகிதத்தில் மூன்று வாரமாகச் சரியாக இருந்த டிரெய்லர், சாக்பீஸால் தரையில் முழு அளவுக்கு வரைந்ததும் பெருத்துவிட்டது. உள்ளே இறங்கி நின்று பார்த்தேன். ரெண்டு பேர் தாராளமாகப் படுக்கலாம். எனக்கு வேண்டியது கூடாரம், கருவிப்பெட்டி, தண்ணீர், அடுப்பு ஏற்றிக்கொண்டு கல்லும் சேறுமான பாதையில் ஜீப்புக்குப் பின்னால் முனகாமல் வரும் ஒரு சின்ன வண்டி. அழித்துவிட்டு மறுபடி வரைந்தேன்.

இந்த முறை பெட்டியிலிருந்து தொடங்காமல் சக்கரத்திலிருந்து தொடங்கினேன். ஜீப்பின் பின்சக்கரங்களுக்கு நடுவே, மையத்துக்கு மையம் 1400 மி.மீ. டிரெய்லருக்கும் அதே அளவு. முன்னால் போகிற வண்டி அழுத்திவிட்டுப் போன தடத்திலேயே பின்னால் வருவதும் உருண்டால் இழுக்கச் சிரமம் குறைவு. சேற்றில் ஆளுக்கொரு தடம் போட்டால் எஞ்சின்தான் அழும். 1400-இல் டயர் அகலம் 205 போக 1195. சட்டத்துக்கு 1100 அகலம் வைத்தால் இரு பக்கமும் 47 மி.மீ. சொச்சம் இடைவெளி. நீளம் 1500. போதும்.

மார்ச் 2, ஞாயிறு

50×50 சதுரக் குழாய், 3 மி.மீ. கனம். வெட்டி அடுக்கவே மத்தியானம் ஆகிவிட்டது. வெல்டர் அண்ணன் வந்து பார்த்ததும் முதல் வார்த்தை: "தம்பி, டேக் மட்டும் வை. முழுசா ஓட்டிடாத."

நாலு மூலையிலும் பொட்டுப் பொட்டாக டேக் வைத்துவிட்டு மூலைக்கு மூலை டேப் பிடித்தோம். ஒரு பக்கம் 1860, மறுபக்கம் 1866. மூலைமட்டம் வைத்துப் பார்த்தபோது நாலும் சரி என்றுதான் தோன்றியது. டேப் பொய் சொல்லாது. நீளமான மூலையில் சுத்தியலால் ரெண்டு தட்டு. 1862, 1864. இன்னும் ஒரே ஒரு தட்டு, அதுவும் செல்லமாக. இரண்டும் 1863-இல் வந்து நின்றன. கணக்குப்படி 1860 வர வேண்டும். நான் வெட்டிய நீளத்தில் எங்கோ ஒரு மில்லி ரெண்டு மில்லி கூடியிருக்கிறது. இரண்டும் சமமா என்பதுதான் முக்கியம் என்று அண்ணன் விட்டுவிட்டார்.

மார்ச் 8, சனி

முழு வெல்டிங். ஒரு மூலை முடித்ததும் அதற்கு நேர் எதிர் மூலை, பிறகு அடுத்த ஜோடி என்று மாற்றி மாற்றி ஓட்டினோம். வெல்டு ஆறும்போது சுருங்கித் தன் பக்கம் இழுக்கும். ஒரே பக்கமாகப் போனால் சட்டம் அப்பளம் மாதிரி முறுக்கிக்கொள்ளும்.

அண்ணன் கிளம்பிய பிறகு ஒரு காரியம் செய்தேன். கமான் பட்டையை, அதாவது அச்சுக்கு ஸ்பிரிங்காக இருக்கும் பட்டையை, சட்டத்தில் தாங்கும் ஹேங்கர்களை, பெட்டியின் நடுவிலிருந்து 75 மி.மீ. பின்னால் அச்சு வருகிற மாதிரி அளந்து, முழுசாக வெல்டு வைத்துவிட்டேன். "பாரம் எங்க உக்காரப்போகுதுன்னு தெரிஞ்ச பிறகு அதை ஒட்டலாம்" என்றுதான் சொல்லிவிட்டுப் போனார். வெல்டு அழகாக விழுந்தது, அதனால் தைரியம்.

மார்ச் 15, சனி

இன்று முழுக்க ஹப், அதாவது அச்சின் முனையில் பேரிங் மேல் சுற்றிச் சக்கரத்தைத் தாங்கும் பாகம். 40 மி.மீ. சதுர அச்சு, சக்கரத்துக்கு 5 போல்ட், அவை உட்காரும் வட்டம் 139.7 மி.மீ. ஜீப்புக்கும் அதேதான். ஒரு ஸ்டெப்னி இரண்டுக்கும் ஆகும்.

பேரிங்குக்கு கிரீஸ் அடைப்பதை யாராவது பக்கத்தில் இருந்து காட்டினால்தான் பிடிபடும். மேலே பூசினால் போதாது. இடது உள்ளங்கையில் எலுமிச்சை அளவு கிரீஸை வைத்து, பேரிங்கின் அகலமான பக்கத்தை அதில் அழுத்தி அழுத்திச் சுரண்ட வேண்டும். முதலில் ஒன்றும் நடக்காது. பத்துப் பதினைந்து அழுத்தலுக்குப் பிறகு, உருளைகளின் இடுக்கு வழியாக மறுபக்கம் சின்னச் சின்னப் புழுவாக கிரீஸ் எட்டிப் பார்க்கும். அப்போதுதான் அந்த இடம் நிறைந்தது என்று அர்த்தம். கொஞ்சம் திருப்பி அடுத்த இடம். ஒரு பேரிங்குக்கு கால் மணி நேரம், நாலு பேரிங். மாலையில் கைப்பேசியை எடுக்கக்கூட ஆளைக் கூப்பிட வேண்டியிருந்தது.

நட்டு முடுக்குவதிலும் ஒரு கைப்பழக்கம் இருக்கிறது. ஹப்பைச் சுற்றிக்கொண்டே இறுக்கி பேரிங்கை உட்காரவைத்து, பிறகு நட்டைத் தளர்த்தி, விரலாலேயே மறுபடி நிறுத்தி, நட்டு கழலாமல் பிடிக்கும் ஸ்பிளிட் பின் போட வேண்டும். ஸ்பேனரால் இறுக்கியபடி விட்டால் பேரிங் கருகும்.

மார்ச் 23, ஞாயிறு

ஏர்க்கால் மாதிரி முன்னால் நீளும் முக்கோணச் சட்டம் முடிந்தது. ஜீப்போடு மாட்டும் ஹிட்சிலிருந்து அச்சுக்கு 2 மீட்டர். இதைக் குட்டையாக வைத்தால் ரிவர்ஸ் எடுக்கும்போது டிரெய்லர் சட்டென்று மடங்கும். நீளமாக இருந்தால் யோசிக்க அவகாசம் கிடைக்கும்.

ஹிட்சுக்கு 50 மி.மீ. பந்து வேண்டாம் என்று முடிவு. சாலைக்கு அது நல்லதுதான். ஆனால் பள்ளத்தில் ஜீப் இடப்பக்கமும் டிரெய்லர் வலப்பக்கமும் நன்றாகச் சாய்ந்துவிட்டால் பந்தை மூடும் கிண்ணம் பந்தின் கழுத்தில் போய்க் கடிக்கும். மூன்று பக்கமும் திரும்புகிற ஹிட்ச் போட்டாயிற்று. கீழே இரண்டு சங்கிலிகளையும் குறுக்காக மாற்றி மாட்டினேன். ஹிட்ச் கழன்றுபோனாலும் மூக்கு தரையில் குத்தாமல் சங்கிலித் தொட்டிலில் விழும்.

மார்ச் 29, சனி

ஸ்டெப்னி தாங்கி. இரண்டு நாள் வேலை, இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. பின்கதவுக்கு வெளியே கீலில் தொங்கும், கதவு திறக்கும்போது தனியாக விலகி நிற்கும், விலகியதும் கொக்கி தானாக விழும். கீலுக்கு உள்ளே நைலான் புஷ் போட்டிருக்கிறேன். ஒரே விரலால் தள்ளலாம். தண்ணீர் கேன்கள் இரண்டுக்கும் கதவை ஒட்டியே மேடை. திறந்ததும் கைக்கு எட்டணும் இல்லையா.

அண்ணன் ரொம்ப நேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு தம்பி" என்றார். அந்த 'தான்' அப்போது காதில் விழவில்லை.

ஏப்ரல் 5, சனி

வயரிங். அரை நாளில் முடிய வேண்டியது. இடது இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட்டும் சேர்ந்து கண்ணடித்தது, பிரேக் மிதித்தால் எல்லாமே மங்கியது. பல்பை மாற்றினேன், சாக்கெட்டை மாற்றினேன், கடைசியில்தான் எர்த்தைப் பார்த்தேன். தனியாக வயர் இழுக்காமல் ஹிட்ச் வழியாகவே எர்த் போய்ச் சேரும் என்று விட்டிருந்தேன். கிரீஸும் பெயின்ட்டும் பூசிய இரும்பு எப்படிக் கடத்தும்? போக வழியில்லாத மின்சாரம் பக்கத்து பல்பு வழியாக வெளியேறப் பார்க்கிறது, அதுதான் கண்ணடிப்பு. ஜீப்பின் சாக்கெட்டிலிருந்து ஒரு கறுப்பு வயர். முடிந்தது.

ஏப்ரல் 12, சனி

எல்லாவற்றையும் ஏற்றி எடை போட்டோம். எடைமேடையில் மொத்தம் 440 கிலோ. பிரேக் இல்லாத டிரெய்லருக்குப் பல நாடுகளில் வரம்பு 750 கிலோ. அதற்குள் நிம்மதியாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்து, குளியலறை எடைமெஷினை ஹிட்சுக்கு அடியில் வைத்தோம். மேலே மரக்கட்டை அடுக்கி, ஜீப்பில் மாட்டினால் எந்த உயரமோ அதே உயரத்துக்குக் கொண்டுவந்து, ரசமட்டம் பார்த்து, மெதுவாக இறக்கினோம். முள் 14-இல் நின்றது. மறுபடி தூக்கி இறக்கினேன். 14.

மொத்த எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதம் முன்னால் ஹிட்சில் உட்கார வேண்டும். 440-க்கு 44 கிலோவாவது. எனக்கு மூன்று சதவீதம்தான். பின்பாரமான டிரெய்லர் வேகம் பிடித்ததும் வாலாட்டும். ஆட ஆரம்பித்தால் இழுக்கிற வண்டியின் பின்பக்கத்தையும் சேர்த்து ஆட்டும். மேட்டில் ஏறும்போது ஹிட்சையே மேலே தூக்கப் பார்க்கும்.

அச்சைப் பின்னால் தள்ளினால் தீரும். ஆனால் ஹேங்கர்கள்தான் முழு வெல்டில் உட்கார்ந்திருக்கின்றனவே. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை, சாக்பீஸை என் கையில் கொடுத்தார்.

தரையிலேயே கணக்குப் போட்டேன். ஸ்டெப்னி 22 கிலோ, அச்சுக்குப் பின்னால் 80 செ.மீ. அதை எடுத்து முன்சட்டத்தில் படுக்கப் போட்டால் அச்சுக்கு முன்னால் 1.2 மீட்டர். ஆகமொத்தம் 2 மீட்டர் நகர்கிறது. ஹிட்சுக்கும் அச்சுக்கும் உள்ள தூரமும் அதே 2 மீட்டர். அப்படியென்றால் 22 கிலோவும் முழுசாக மூக்கில் ஏறும். தண்ணீர் 40 கிலோ, அச்சுக்குப் பின்னால் அரை மீட்டர். அதை அச்சுக்கு நேர் மேலே கொண்டுவந்தால் இன்னொரு 10. பதினாலும் இருபத்திரண்டும் பத்தும் 46.

தண்ணீரை இன்னும் முன்னால் தள்ளலாமே என்று கேட்டேன். "குடிச்சுத் தீத்த பிறகு?" என்றார். அதுவும் சரி. தீர்ந்துபோகிற சாமான் அச்சுக்கு மேலே இருந்தால், நிறைந்தாலும் காலியானாலும் முன்பாரம் மாறாது.

ஏப்ரல் 13, ஞாயிறு

ஸ்டெப்னி தாங்கியை கிரைண்டரால் அறுத்தேன். நைலான் புஷ் உருகி ஒரு நாற்றம். கீலை மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன், எதற்கென்று தெரியாது. மாலையில் மறுபடி எடை: 47.

ஏப்ரல் 20, ஞாயிறு

முதல் ஓட்டம். தார்ச்சாலையில் பின்னால் ஒன்று வருகிறது என்ற நினைப்பே இல்லை. கல் பாதையில் சாமான் பாதிதான் ஏற்றியிருந்ததால் துள்ளியது. கமான் பட்டை எடைக்கு மிஞ்சின முரடு. டயர் காற்றை 20 பி.எஸ்.ஐ.-க்கு இறக்கியதும் பாதி துள்ளல் போனது. பட்டையில் ஒன்றைக் கழற்றலாமா என்பதை முழுப் பாரத்தோடு ஓட்டிப் பார்த்த பிறகு முடிவு செய்யலாம்.

ஓடைக்கு முன்னால் பத்து நிமிஷத்துக்கு மேல் நின்றோம். சூடான ஹப்பைக் குளிர்ந்த நீரில் இறக்கினால் உள்ளே காற்று சுருங்கி சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஆற விட்டுத்தான் இறக்கினேன். அக்கரை ஏறி இறங்கிப் பார்த்தேன். சேற்றில் ஆறு சக்கரத் தடம் தேட வேண்டாம், இரண்டே கோடு. ஒரு திருப்பத்தில் மட்டும் டிரெய்லர் உள்பக்கமாக ஒரு சாண் வெட்டியிருந்தது.

வீடு வந்ததும் அச்சைக் கமான் பட்டையோடு கட்டும் யூ போல்ட் நட்டுகளை மறுபடி இறுக்கினேன். எட்டில் மூன்று அரைச் சுற்று வாங்கின. ஹப்பைத் தொட்டுப் பார்த்தேன். வலது வெதுவெதுப்பு. இடது அதைவிடக் கொஞ்சம் சூடு. அடுத்த சனிக்கிழமை இடது ஹப்பைத் திறக்கிறேன்.