பஞ்ச் கார்டும் படிவம் 17சி-யும்

கணக்கு விவரங்களை அட்டையில் துளைகளாகப் பதிந்து மெஷினுக்குக் கொடுத்த பஞ்ச் கார்டு காலத்தில் ஒரே கார்டை இரண்டு பேர் தட்டுவார்கள். முதல் ஆள் துளையிட்டு முடித்த கட்டு சரிபார்க்கும் வெரிஃபையர் மெஷினுக்குப் போகும். அங்கே இன்னொருவர் அதே படிவத்தைப் பார்த்து மறுபடி தட்டுவார். எல்லாம் பொருந்தினால் கார்டின் வலது ஓரத்தில் சின்ன வெட்டு விழும். பொருந்தாவிட்டால், கார்டின் 80 பத்தியில் (காலம்) எந்தப் பத்தி தவறோ அதன் தலைமேல் விழும். கட்டோடு ஒரு சீட்டும் போகும்: எத்தனை கார்டு, கூட்டுத்தொகை எவ்வளவு. மெஷின் அச்சடித்த மொத்தம் அதோடு டேலி ஆகாவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

இந்தச் சந்தேகப் புத்தி இல்லாமல் கார்டை வாக்குச்சீட்டாக்கினால் என்ன ஆகும்? 2000 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஃபுளோரிடாவில் தெரிந்தது. பாதி வெட்டி வைத்த கட்டத்தை வாக்காளர் ஊசியால் குத்த வேண்டும். அடியில் பழைய துணுக்குகள் குவிந்து கிடந்தாலோ, ரப்பர் பட்டை இறுகிப்போனாலோ துணுக்கு விழாமல் தொங்கும். கார்டைப் படிக்கும் ரீடர் மெஷின் அதை ஒருமுறை துளை என்று படிக்கும், மறுமுறை இல்லை என்னும். அங்கே முடிவைத் தீர்மானித்த வித்தியாசம் 537 வாக்கு.

நம்மிடம் காகிதத்தின் எல்லை 1996-ல் மொடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதியில் தெரிந்தது. 1033 வேட்பாளர்கள், வாக்குச்சீட்டே புத்தகமாகிவிட்டது. 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழகம் முழுக்க மின்னணு வாக்குப்பதிவு மெஷின் வந்தது. 2014-ல், யாருக்கு ஓட்டு விழுந்தது என்று சீட்டு அச்சடித்துக் காட்டும் விவிபேட் முதலில் வைத்த மக்களவைத் தொகுதிகளில் மத்திய சென்னையும் ஒன்று.

ஹேக் பண்ண முடியுமா என்று டிவியில் இரவு முழுக்கப் பேசட்டும். எனக்குக் கவலை, மெஷினில் பதிவான வாக்குகளை அழிக்கும் க்ளியர் பட்டன்தான். காலையில் மாதிரி வாக்குப்பதிவில் குறைந்தது 50 வாக்கு, நோட்டா உட்பட எல்லாப் பட்டனிலும் விழவேண்டும். பிறகு க்ளோஸ், ரிசல்ட், க்ளியர். பதற்றத்தில் இந்த மூன்றையும் செய்ய மறந்தால் அந்த 50-ம் நிஜ வாக்கோடு சேர்ந்துவிடும். விவிபேட் பெட்டியிலிருந்து மாதிரிச் சீட்டுகளை எடுக்க மறந்தாலும் இதே வம்புதான்.

வாக்குச்சாவடியில் வேட்பாளர் சார்பாக உட்காரும் பூத் ஏஜென்ட் செய்யக்கூடியது சுலபம். அவ்வப்போது, வாக்குகள் பதிவாகும் கன்ட்ரோல் யூனிட்டில் டோட்டல் அழுத்தச் சொல்லி, வாக்காளர்கள் கையெழுத்திடும் 17ஏ பதிவேட்டின் கடைசி வரிசை எண்ணோடு ஒப்பிட வேண்டும். கையெழுத்துப் போட்டுவிட்டு ஓட்டுப் போடாமல் போனவர்களைக் கழித்துக்கொள்ளுங்கள். மிச்சமும் ஒத்துப்போகவில்லை என்றால் அப்போதே கேளுங்கள். மாலையில் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது. முடிந்ததும் பதிவான வாக்குகளின் கணக்கான படிவம் 17சி-யின் கையெழுத்திட்ட நகலை வாங்காமல் வெளியே வரக்கூடாது. பஞ்ச் கார்டு கட்டோடு போன சீட்டுக்குச் சமம் அதுதான்.

எண்ணும் நாளில் மேஜைக்கு வருவது அதே கன்ட்ரோல் யூனிட்தானா என்று வரிசை எண்ணை முதலில் பாருங்கள். ரிசல்ட் அழுத்தினால் திரையில் முதலில் மொத்தம் வரும், பிறகுதான் வேட்பாளர் வாரியாக ஓடும். அந்த மொத்தத்தைக் குறித்துக்கொள்ளாமல், தன் ஆளின் எண் எப்போது வரும் என்று காத்திருப்பவர்களே அதிகம்.