ஸ்கோர் மேசையில் ஒரு நாற்காலி

பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான மகளிர் கூடைப்பந்துப் போட்டி என்றால் இறுதி ஆட்டம், கோப்பை, மறுநாள் நாளிதழில் ஒரு படம் என்றுதான் பலரும் நினைப்பார்கள். ஸ்கோர் மேசையில் பேனாவும் கையுமாக உட்கார்ந்தே பழகிப்போன எனக்கு மண்டலச் சுற்றின் தொடக்க நாட்கள்தான் பெரிய நாட்கள். வந்திறங்கிய அணிகளில் பெரும்பாலானவை அதற்குள் ஊர் திரும்பிவிடும்.

இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கம் நாட்டை நான்கு மண்டலங்களாகப் பிரித்து இந்தப் போட்டிகளை நடத்துகிறது. மண்டலத்தில் முதல் நான்கு இடங்களைப் பிடிக்கும் அணிகள் அகில இந்தியச் சுற்றுக்குப் போகும். அந்த நான்கு எவை என்று தெரியும்வரை நாக்-அவுட். அதன் பிறகுதான் லீக். ஆகவே, ஒரு பகலும் இரவும் ரயிலில் கசங்கி வந்த அணி நாற்பது நிமிட ஆட்டத்தில் தோற்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அந்த நாற்பது நிமிடங்களுக்கு மிஞ்சும் சாட்சி நாங்கள் எழுதும் தாள் மட்டுமே.

மேசையில் நான்கு பேர் இருப்போம். ஸ்கோர் எழுதுபவர், அவருடைய உதவியாளர், ஆட்ட நேரம் பார்ப்பவர், ஷாட் கிளாக்கை, அதாவது பந்து வைத்திருக்கும் அணி கூடையை நோக்கி எறிய மிச்சமிருக்கும் விநாடிகளைக் காட்டும் கடிகாரத்தை, இயக்குபவர். களத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இலவசமாக இடம் கிடைக்கிறதே என்று தோழிகள் பொறாமைப்படுவதுண்டு. உண்மையில் ஆட்டத்தை ரசிக்க எங்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை. ஷாட் கிளாக்கில் உட்கார்ந்துவிட்டால் கண் பந்தை விட்டு அகலக் கூடாது. எறிந்த பந்து வளையத்தில் பட்டதா, பலகையில் மட்டும் பட்டுத் திரும்பியதா? பலகையோடு போயிருந்தால், எறிந்த அணியே மறுபடி பிடித்தாலும் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். வளையத்தில் பட்டு அதே அணி பிடித்தால் 14 விநாடி, எதிரணி பிடித்தால் 24. அரங்கமே எழுந்து நின்று கத்தும்போது இதைக் கணித்துப் பொத்தானை அழுத்த வேண்டும். அன்றைய அற்புதமான பாஸ் ஒன்றைப் பற்றி இரவுச் சாப்பாட்டில் யாராவது சிலாகித்தால், "அப்படியா, எப்போது?" என்று கேட்கும் நிலைதான் எங்களுக்கு.

ஸ்கோர் ஷீட்டுக்கென்று தனி இலக்கணம் உண்டு. முதல், மூன்றாம் கால்பகுதிகளுக்குச் சிவப்பு மை. மற்ற இரண்டுக்கும் நீலம் அல்லது கறுப்பு. களத்திலிருந்து போட்ட கூடைக்குச் சாய்கோடு, எதிரணியின் ஃபவுலுக்காகத் தடையின்றி எறியக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவுக்கு நிரப்பிய வட்டம், மூன்று புள்ளிக் கூடை என்றால் போட்டவளின் எண்ணைச் சுற்றி ஒரு வட்டம். ஃபவுல் விழுந்ததும் அது அவளுக்கு எத்தனையாவது என்று எண் அட்டையைத் தூக்கிக் காட்ட வேண்டும். நான்கு வரை கறுப்பு எண்; ஐந்து மட்டும் சிவப்பு. ஐந்து விழுந்தால் வெளியே போக வேண்டும். அந்த அட்டையைத் தூக்கும்போது மட்டும் எதிரே நிற்கும் பெண்ணின் முகத்தைப் பார்க்காமலிருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

ஒருமுறை, ஆண்கள் பயிற்சி எடுத்துவிட்டுப் போன அரங்கில் மகளிர் ஆட்டம் தொடங்க இருந்தது. பெண்கள் ஆடுவது 6ஆம் எண் பந்து. ஆண்களுடைய 7ஆம் எண் பந்தைவிடச் சற்றுச் சிறியது, எடையும் குறைவு. யாரோ 7ஆம் எண் பந்தைக் களத்துக்குள் உருட்டிவிட்டார்கள். பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்தும் பாயிண்ட் கார்டு இடத்தில் ஆடும் குள்ளமான பெண் ஒருத்தி அதை ஒரு தட்டுத் தட்டினாள். அடுத்த நொடி அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நேராக மேசைக்கு வந்தாள். "மேடம், இது எங்கள் பந்து இல்லை." திருப்பிப் பார்த்தால், தேய்ந்துபோன அச்சில் 7 என்று இருந்தது. மேசையிலும் களத்திலும் நின்ற பெரியவர்கள் ஒருவர் கண்ணிலும் படாதது அவள் உள்ளங்கையில் பட்டுவிட்டது.

ஒருபக்கமாகப் போகும் ஆட்டங்கள் முதல் சுற்றில் ஏராளம். வித்தியாசம் ஐம்பது, அறுபது புள்ளி என்று ஏறும்போது மேசையிலும் சோம்பல் தட்டும். நான் அங்கேதான் கறாராக இருப்பேன். அப்படி ஓர் ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில், அதுவரை பெஞ்சிலேயே இருந்த ஒரு பெண்ணைப் பயிற்சியாளர் உள்ளே அனுப்பினார். வளையத்துக்கடியில் நடந்த தள்ளுமுள்ளில் அவள் ஒரு கூடை போட்டாள். யார் போட்டது என்பது களத்தில் இருந்த பாதிப் பேருக்குத் தெரிந்திருக்காது. இரு அணிகளும் கைகுலுக்கிக் கலைந்த பிறகு தயங்கித் தயங்கி வந்து நின்றாள்.

"மேடம், அந்த இரண்டு புள்ளி என் எண்ணில்தானே இருக்கிறது?"

தாளைத் திருப்பிக் காட்டினேன். தன் எண்ணையும் பக்கத்திலிருந்த சாய்கோட்டையும் செல்பேசியில் படம் எடுத்துக்கொண்டாள். ரயிலுக்கு நேரமாகிறது என்று வாசலிலிருந்து அவள் பயிற்சியாளர் கத்திக்கொண்டிருந்தார்.

வெல்லும் அணிகளுக்குக் கணக்கு வேறு. தேசிய மகளிர் கூடைப்பந்தில் நெடுங்காலம் கோலோச்சிய அணி இந்திய ரயில்வே. விளையாட்டு ஒதுக்கீட்டில் அங்கே ஒரு வேலை என்பது இந்தப் பெண்களில் பலருடைய கனவு. சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை இந்திய அணிக்குத் தலைமை தாங்கியவர்; 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். 'பந்து விளையாடினால் சோறு போடுமா?' என்று கேட்கும் வீடுகளில் பெண்கள் துணைக்கு அழைக்கும் பெயர் அது.

மண்டலச் சுற்றின் தொடக்கத்தையும் சிறு பிரிவுகளாக லீக் முறையில் நடத்தி, வந்த அணிக்குக் குறைந்தது இரண்டு ஆட்டமாவது கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. எங்கள் குழுவின் மூத்தவர் இதை ஏற்கவே மாட்டார். "அத்தனை அணிகளையும் எங்கே தங்கவைப்பது? களத்துக்கு எங்கே போவது? செமஸ்டர் தேர்வை யார் தள்ளிவைப்பார்கள்?" என்று அடுக்குவார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இரண்டு களங்களிலும் காலை ஆறு மணிக்கே ஆட்டத்தைத் தொடங்கினால் முடியும் என்று தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன்.

"ஆறு மணிக்கு மேசைக்கு யாரம்மா வருவார்கள்?"

"நான் வருகிறேன், சார்" என்றேன். கணக்கை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அடுத்த அட்டவணையிலும் நாக்-அவுட்தான் இருந்தது.